வெயில் ஏற ஏற வெள்ளம்

ஆற்றில் தண்ணீர் வருமா என்று தெரிந்துகொள்ள ஒடுகத்தூரில் யாரும் ஆற்றங்கரைக்குப் போவதில்லை. நின்ற இடத்திலிருந்தே ஜவ்வாது மலையை நிமிர்ந்து பார்ப்பார்கள். மலைமேல் கருக்கல் கட்டி ராத்திரியெல்லாம் பெய்தால், விடிவதற்குள் கானாறுகள் இறங்கி உத்தர காவேரியில் செந்நீர் புரளும். ஏரிகள் கோடி போகும். நாலைந்து வாரம் ஊரெல்லாம் அதே பேச்சாக இருக்கும். பிறகு ஆண்டின் மிச்சம் முழுக்க மணல்தான். அது போய்ச் சேரும் பாலாற்றுக்கும் இதே குணம். 1903 நவம்பரில் மேலே கர்நாடகப் பக்கத்து ஏரிகள் உடைந்து வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன வெள்ளம், 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடிய வெள்ளம் இரண்டுக்கும் பின்னால் பல நாள் மழை இருந்தது. வானம் கருக்காமல் ஆறு பெருகும் என்று இங்கே யாரிடமாவது சொன்னால், அணையைத் திறந்துவிட்டார்களா என்று கேட்பார்கள்.

அணையும் இல்லாமல், மழையும் இல்லாமல், சுள்ளென்று வெயில் அடிக்கும் நாளில் பெருகுகிற ஆறு ஒன்று இந்தியாவிலேயே ஓடுகிறது. லடாக்கின் சன்ஸ்கார். லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்த்து 100 மில்லிமீட்டர் அளவுதான். வேலூர்ப் பக்கம் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நம் மழையில் பத்தில் ஒரு பங்குதான் அங்கே. ஆனால் ஜூலையில் சன்ஸ்காரில் ஓடும் நீரைப் பார்த்தால் பாலாறு வெட்கப்படும். மேகம் மூடி ரெண்டு நாள் குளிர்ந்தால் நம் ஊரில் ஆறு ஏறும், அங்கே இறங்கும். தூறல் கண்டு சந்தோஷப்படுகிற படகுக்காரரை அங்கே பார்க்கலாம்: நாளைக்குத் தண்ணீர் குறையும், பயணம் சுலபமாகும்.

அந்த ஆற்றில் ரப்பர் ராஃப்டில் ஐந்தாறு நாள் மிதந்து போவது இந்தியாவில் கிடைக்கும் நீர்ப்பயணங்களில் மிக நீண்ட ஒன்று. ரிஷிகேஷில் கங்கைமேல் ரெண்டு மணி நேரம் போய்விட்டு வந்து மேகி தின்பதோடு இதை ஒப்பிடக் கூடாது. கிளம்பும் இடம் பதும் என்ற சிற்றூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரம். முடியும் இடம் நிம்மூ, சன்ஸ்கார் சிந்து நதியில் கலக்கும் முனை. இடையில் சுமார் 150 கிலோமீட்டர் நீர்வழி. வழிகாட்டிகள், சமையற்காரர், கூடாரம், அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் படகிலேயே வரும். ஆட்கள் துடுப்புப் போடும் படகுகள் தனி, சாமான் ஏற்றிய படகு தனி. ஒற்றை ஆள் கயாக்கில் ஒருவர் எப்போதும் முன்னே போவார். யாராவது தண்ணீரில் விழுந்தால் முதலில் எட்டிப் பிடிப்பவர் அவர்தான்.

முதல் நாள் ஆறு அகலமாக, சாதுவாக இருக்கும். கரையில் கர்ஷா மடம், பிறகு சாங்லா. சாங்லாவின் பழைய அரண்மனையில்தான் 1823இல் அலெக்சாண்டர் சோமா தெ கோரோஷ் என்ற ஹங்கேரிக்காரர் ஒரு லாமாவோடு அமர்ந்து, குளிரில் விறைத்துக்கொண்டே திபெத்திய மொழியைக் கற்றார். அவருடைய திபெத்திய–ஆங்கில அகராதி 1834இல் கல்கத்தாவில் அச்சானது. தம் மக்களின் பூர்வீகத்தைத் தேடிப் புறப்பட்ட மனிதர், ஓர் அகராதியோடு முடித்தார். அவர் கதை தனிக் கட்டுரை. நாம் ஆற்றுக்கு வருவோம்.

வெயில் எப்படி வெள்ளமாகிறது என்று ஒரு கணக்குப் போடலாம். அந்த உயரத்தில் காற்று மெலிந்து, தூசி குறைந்து, உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. புதுப்பனி அதில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கைத் திருப்பி வானத்துக்கே அனுப்பிவிடும். அதனால்தான் பனிமேல் நடப்பவர்களுக்குக் கண் எரிகிறது. ஆனால் ஜூலைக்குள் புதுப்பனி உருகிப்போய், பனியாற்றின் பழைய, அழுக்கேறிய பனிக்கட்டி வெளியே தெரியும். அது வெயிலில் பாதிக்கும் மேல் உள்வாங்கும். 600 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பனிக்கட்டியை அதே பூச்சிய டிகிரியில் நீராக்க 334 கிலோஜூல் வேண்டும். ஆக ஒரு மணி நேரத்தில் ஒரு சதுர மீட்டரிலிருந்து ஆறரை லிட்டர். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பெருக்கினால் மணிக்கு 65 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் எண்ணினால் ஐந்நூற்று நாற்பது லாரி, ஒரே மணி நேரத்தில், ஒரே சதுர கிலோமீட்டரில். பென்சி லா கணவாயை ஒட்டிக் கிடக்கும் டிராங் டுருங் பனியாறு ஒன்றே இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளம். சன்ஸ்காரின் ஒரு கிளையான ஸ்டோட் ஆறு அதன் வாயிலிருந்துதான் பிறக்கிறது. அதுபோலப் பெயருள்ளதும் இல்லாததுமாக எத்தனையோ பனியாறுகள் பக்கவாட்டில் இருக்கின்றன.

அழுக்கைப் பற்றி ஒரு வினோதம் உண்டு. பனிக்கட்டிமேல் மெல்லிய புழுதி படிந்தால் வெயிலை இழுத்து உருகலைக் கூட்டும். அதே புழுதி கல்லும் மண்ணுமாகப் பல சென்டிமீட்டர் கனத்துக்கு ஏறிவிட்டால் போர்வையாகி உருகலைத் தடுக்கும். ஒரே பனியாற்றில் சுத்தமான பகுதி பள்ளமாக இறங்க, பெரிய பாறாங்கல் விழுந்த இடத்தில் மட்டும் அடியிலுள்ள பனி உருகாமல் நின்று, கல்லைத் தூணின்மேல் தூக்கி வைத்துக் காட்டும்.

உருகிய நீர் உடனே ஆற்றுக்கு வந்துவிடாது. பனியாற்றின் முதுகில் சிற்றோடைகளாக ஓடி, ஆங்காங்கே செங்குத்தான துளைகளில் விழுந்து, அடிவயிற்றுக்குப் போய்ச் சேரும். அங்கே பனிக்கும் பாறைக்கும் நடுவே உள்ள பொந்துகள் வழியே கசிந்து நகரும். கோடையின் தொடக்கத்தில் இந்தப் பொந்துகள் சிறியவை, ஒன்றோடொன்று சரியாகச் சேராதவை. நீர் தாமதமாக வரும், ஒரே சீராக வரும். நாள் போகப்போக ஓடும் நீரே பனியை அரித்துச் சுரங்கங்களைத் திறந்துவிடும். ஆகஸ்டில் அவை அகன்ற குழாய்கள். அப்போது மதியம் உருகியது மாலைக்குள் வாயில் வந்து கொட்டும். ஆகவே ஜூனில் பகலுக்கும் இரவுக்கும் நீர்மட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆகஸ்டில் நன்றாகவே தெரியும். அதே பனியாறுதான், அதே வெயில்தான், உள்ளே குழாய் மட்டும் மாறியிருக்கிறது.

இங்கேதான் ராஃப்ட் வழிகாட்டியின் கெட்டிக்காரத்தனம் வருகிறது. பனியாற்றின் வாயில் சாயங்காலம் ஐந்து மணிக்கு உச்ச நீர் என்றால், கீழே எத்தனை மணிக்கு? பெருக்கு மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று கொண்டால், 80 கிலோமீட்டர் கீழே கூடாரம் அடித்தவர்களுக்கு அது நடு இரவு தாண்டி மூன்று மணிக்கு வரும். இன்னும் 40 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்குக் காலை எட்டு மணிக்கு. நடுவில் சேரும் கிளையாறுகள் தங்கள் தங்கள் நேரத்தோடு வந்து கணக்கைக் குழப்பும். மார்கா ஆறு சில்லிங் அருகே வந்து சேர்கிறது, அதற்கு வேறு நேரம். ஆக ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு தனி வெள்ள நேரம் உண்டு. மாலையில் படகைக் கரையேற்றியதும் வழிகாட்டி முதலில் செய்யும் வேலை, நீர் விளிம்பில் ஒரு கல்லையோ குச்சியையோ நட்டு வைப்பது. டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பார். கல் நனைந்திருந்தால் கூடாரம் இன்னும் மேலே போகும். படகுகள் எப்போதும் இழுக்க முடிந்த உயரம் வரை இழுத்து, பாறையில் கட்டப்படும். அந்தப் பள்ளத்தாக்கின் நடுவில் படகு போய்விட்டால் நடந்து வெளியேற வழி பல இடங்களில் கிடையாது.

இன்னொன்று. பெருக்கு என்பது ஓர் அலை, அது தண்ணீரைவிட வேகமாகப் போகும். சாதாரண ஆற்றில் நீர் ஓடும் வேகத்தைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆற்றோடு மிதக்கும் படகை நேற்றைய வெயிலின் அலை பின்னாலிருந்து வந்து பிடித்து, தாண்டி, முன்னே போய்விடும். மிதப்பவருக்குத் தெரிவதெல்லாம் கரையோரப் பாறைகள் மெல்லக் காணாமல் போவதுதான்.

சன்ஸ்காரில் மிதப்பவர்கள் முதலில் கவனிப்பது ஒரு சத்தம். பேச்சு ஓய்ந்து, துடுப்பை மடியில் வைத்துவிட்டால், படகின் அடியிலிருந்து விடாமல் ஒரு 'உஸ்ஸ்' கேட்கும். காற்று இறங்குகிறதோ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். அது நீரில் கலந்து வரும் பொடிக்கல் படகின் ரப்பரை உரசும் சத்தம். காற்றடைத்த தரை அதைப் பெருக்கிக் காட்டுகிறது. பனியாறு தன் அடியில் பதிந்த கற்களோடு பாறைமேல் நகரும்போது இரண்டையும் மாவாக அரைத்துவிடுகிறது. சில துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குதான். இரண்டு டிகிரிக் குளிரில் தண்ணீர் நம் ஊர்த் தண்ணீரைவிடக் கெட்டியாக நடந்துகொள்ளும். அசையாத பாத்திரத்திலேயே அத்தகைய துகள் ஒரு மீட்டர் கீழிறங்க ஐந்து நாளுக்கு மேலாகும். ஓடும் ஆற்றில் அது கடைசிவரை அடங்காது. அதனால் ஆறு சாம்பல் நிறம். சமையலுக்கு ஆற்று நீரை அள்ள மாட்டார்கள். பக்கத்து மலையிலிருந்து தெளிவாக விழும் சிற்றோடை எங்கே இருக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் முகாமே அமையும். பனிக்காலத்தில் உருகல் நின்று மாவரைப்பும் நிற்கும்போது இதே ஆறு கண்ணாடிப் பச்சையாக மாறும், பிறகு உறையும். உறைந்த ஆற்றின்மேல் நடப்பதுதான் சாதர் நடைப்பயணம். சாலை வரும்வரை சன்ஸ்கார் மக்களுக்குக் குளிர்காலத்தில் வெளியுலகத்துக்கு அதுவே பாதை.

படகைப் பற்றி ஆம்பூர், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர்க்காரர்களுக்குச் சொல்லக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. ஏனென்றால் காற்றடைத்த படகின் மூதாதை, நம் பக்கம் பதனிடும் தோல். அசீரிய அரசன் அசூர்நசீர்பாலின் நிம்ரூத் அரண்மனைச் சிற்பங்களில், ஏறக்குறைய 2,900 ஆண்டுகளுக்கு முன், வீரர்கள் ஊதிய ஆட்டுத்தோலைக் கட்டிப்பிடித்து ஆற்றை நீந்துகிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம். சீனாவின் லான்ஜோவில் மஞ்சள் ஆற்றின்மேல் ஆட்டுத்தோல் மிதவைகள் இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுகின்றன. இமயமலையில், சட்லஜ் ஆற்றை 1820இல் கடந்த வில்லியம் மூர்கிராஃப்ட், தம் கூட்டத்தையும் குதிரை, கோவேறு கழுதைகளையும் ஊதிய மாட்டுத்தோல்களின் உதவியோடு அக்கரை சேர்த்ததை எழுதி வைத்திருக்கிறார். முழு மாட்டின் தோலைக் கிழிக்காமல் உரித்து, மயிர் நீக்கி, உட்புறம் வெளியாகத் திருப்பி, துளைகளைத் தைத்து, உள்ளே பைன் மரத் தார் ஊற்றிக் குலுக்கி, மாதுளைத் தோல் ஊறிய நீரில் பதப்படுத்துவார்கள். ஒரு கால் ஊதும் குழாயாகும். மாதுளைத் தோலிலும் நம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருப்பது ஒரே வகைத் துவர்ப்புப் பொருள். தோலின் நார்களோடு அது பிணைந்துகொள்வதால் தோல் அழுகாது. வாணியம்பாடியில் தோல் ஷாப்பு வைத்திருந்த கிழவர் யாராவது சட்லஜ் கரைக்குப் போயிருந்தால், செய்முறையைக் கேட்காமலே புரிந்துகொண்டிருப்பார். ஒகேனக்கல் பரிசலும் ஒரு காலத்தில் மூங்கில் கூடையின்மேல் எருமைத்தோல் போர்த்தியதுதான். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும்.

ஆனால் ஆம்பூர் ஷூவுக்குப் பேர் வாங்கித் தரும் அதே குணம் ராஃப்டுக்கு ஆகாது. பதனிட்ட தோல் நுண்ணிய நார்ப்பின்னல். திரவ நீரை ஓரளவு தடுக்கும், நீராவியை வெளியே விடும். அதனால்தான் தோல் ஷூவுக்குள் கால் புழுங்குவதில்லை. காற்றை நாள்கணக்கில் அடக்கி வைக்க அதற்குத் தார் பூச வேண்டியிருந்தது. இன்றைய ராஃப்ட் பாலியெஸ்டர் அல்லது நைலான் நெசவின்மேல் செயற்கை ரப்பரோ பி.வி.சி.யோ பூசியது. உள்ளே தடுப்புகள் இருக்கும், ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை மிதக்கும். தரை தனியாகக் காற்றடைத்து ஓரங்களில் கயிற்றால் பின்னப்பட்டது. உள்ளே கொட்டும் அலை அந்த ஓரத் துளைகள் வழியே தானே வடிந்துவிடும். இந்தத் தரை புழக்கத்துக்கு வருவதற்கு முன் ராஃப்டில் ஒருவருக்கு வாளியால் அள்ளிக் கொட்டுவதே முழு நேர வேலை.

வெயில் இங்கேயும் கை வைக்கிறது. 3,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்து டிகிரி நீரில் கிடந்த படகைக் கரையேற்றி, மதிய வெயிலில் கரிய ரப்பர் 45 டிகிரி ஏறவிட்டால், உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிடக் கூடுதலாகத் தள்ளும் அழுத்தம் ஒன்றரை மடங்கைத் தாண்டும். ஒட்டுகள் பிய்ந்துவிடும். அதனால் சாப்பாட்டுக்கு ஒதுங்கும்போது கொஞ்சம் காற்றை இறக்குவார்கள், மறுபடி நீரில் இறக்கியதும் படகு தொளதொளக்கும், மறுபடி அடிப்பார்கள். ஒரு நாளில் இது பலமுறை.

மூன்றாம் நாள்வாக்கில் பள்ளத்தாக்கு நெருங்கும். இருபுறமும் பல நூறு மீட்டர் சுவர். நெராக் அருகே ஆறு ஒரு சின்னப் பாலம் போட்டுத் தாண்டும் அளவுக்கு ஒடுங்குகிறது. அகன்று கிடந்த அத்தனை நீரும் அந்த இடுக்கில் நுழைய வேண்டும், ஆகவே ஆழமும் வேகமும் கூடும். ஆனால் நுரைத்துக் குதிக்கும் இடங்கள் பெரும்பாலும் இடுக்கில் இல்லை. பக்க ஓடை ஒன்று சேரும் முனையைப் பாருங்கள். எப்போதோ ஒரு நாள் அது பாறைகளை உருட்டிக்கொண்டு வந்து முக்கிய ஆற்றில் கொட்டியிருக்கும். ஆறு சின்னதை எல்லாம் இழுத்துக்கொண்டு போய், பெரியதை விட்டுவிட்டது. அந்த மிச்சம்தான் குதிப்பு. பாறையின்மேல் ஏறி வழியும் நீர் வேகமெடுத்து, கீழே மெதுவான நீரில் மோதி, பின்பக்கமாகவே மடிந்து சுருளும். அந்தச் சுருளில் பாதி காற்று. காற்றுக் கலந்த நீர் மனிதனைச் சரியாகத் தூக்காது, துடுப்புக்கும் பிடி கொடுக்காது. வழிகாட்டி மேலிருந்து பார்க்கும்போது வழவழப்பாக, கீழ்நோக்கிக் கூம்பும் நீர்நாக்கு எங்கே இருக்கிறது என்று தேடுவார். பாறைகளுக்கு நடுவே அதுதான் வாசல். பிறகு "ஃபார்வர்டு", "பேக்", "ஹோல்டு ஆன்" என்ற குரல்கள். படகு ஒரு பக்கம் தூக்கினால் "ஹைசைடு": எல்லோரும் தூக்கிய பக்கத்தில் போய் விழ வேண்டும். குதிப்புகளை அளக்கும் ஆறு நிலைச் சர்வதேச அளவுகோலில் சன்ஸ்கார் மூன்றும் நான்கும். ரொம்பப் பயங்கரம் என்று சொல்ல முடியாது. தொல்லை தருவது குளிர்தான்.

குளிர்நீர் மரணங்களை ஆராய்ந்த கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் ஒரு எளிய கணக்குச் சொல்கிறார்: ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி. விழுந்த முதல் நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, தானாக இழுக்கும். தலை நீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்பீர்கள். அடுத்த பத்து நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும், அதற்குமேல் விரல் கயிற்றைப் பிடிக்காது. ஒரு மணி அளவில்தான் உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்பும். உறைந்து சாவதற்கு முன்பே மூழ்கிச் சாகிறவர்கள்தான் அதிகம் என்பதால் உயிர்காப்பு மேலங்கி அந்த முதல் நிமிடத்துக்காகத்தான். உடலோடு ஒட்டிய நியோப்ரீன் உடை மெல்லிய நீர்ப்படலம் ஒன்றை உள்ளே பிடித்து, உடல் சூட்டால் அதை வெதுவெதுப்பாக்கி வைத்திருக்கும். நீர் வெப்பத்தைக் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாகக் கடத்தும் பொருள், அந்தப் படலம் மாறிக்கொண்டே இருந்தால் உடை போட்டும் பயனில்லை. வாடகைக்குத் தரும் உடை தொளதொளவென்றிருந்தால் வெட்கப்படாமல் வேறு கேளுங்கள்.

சுவர்களைப் பார்க்க நேரம் கிடைக்கும்போது பாருங்கள். மடித்து, முறுக்கி, செங்குத்தாக நிறுத்திய அடுக்குகள். பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும், டெத்திஸ் என்ற மறைந்த கடலின் தரை. ஜவ்வாது மலையின் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை, அது தங்கியிருக்கும் அதே இந்தியத் தட்டின் வடக்கு ஓரத்தில்தான் இந்தக் கடல் படிவுகள் சேர்ந்தன. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தட்டு ஆசியாவில் முட்டியபோது கடல் மூடி, தரை மடிந்து மேலே வந்தது. படகு நிம்மூவை நெருங்கும்போது கடப்பது அந்த மூட்டுவாயை. சிந்துவுக்கு வடகரையில் நிற்கும் வெளுத்த கருங்கல் மலைகள் பழைய ஆசியாவின் விளிம்பு. ஒடுகத்தூரில் புறப்பட்டு ரயில், விமானம், ஜீப் என்று எதில் போனாலும் அதுவரை நீங்கள் ஒரே தட்டின்மேல்தான் இருக்கிறீர்கள். தட்டு இன்னும் ஆண்டுக்கு நாலைந்து சென்டிமீட்டர் வடக்கே தள்ளிக்கொண்டிருக்கிறது. சன்ஸ்கார் மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு போகாமல் இந்த ஆறு குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. மலை உயர உயர ஆறும் விடாமல் அறுத்திருக்கிறது. அந்த உஸ்ஸென்ற பொடிதான் அதன் அரம்.

கோடையில் நிம்மூவில் சிந்துவைவிட சன்ஸ்காரே அதிக நீர் கொண்டுவருகிறது. பெயர் மட்டும் சிந்துவுக்குப் போய்விட்டது. நதிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் நீரை அளந்து வைக்கவில்லை.

இந்த ஆற்றில் வெயில் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டிய சம்பவம் ஒன்று நடந்தது. 2014 டிசம்பர் 31 அன்று, சன்ஸ்காரின் இன்னொரு கிளையான சாரப் ஆற்றில், புக்தல் மடத்துக்கு அருகே மலை சரிந்து ஆற்றை அடைத்துவிட்டது. நடுக் குளிர்காலம், ஆற்றில் ஓடியதே கொஞ்சம். பின்னால் ஏரி மெல்ல மெல்ல நீண்டு பல கிலோமீட்டர் ஆனது. ராணுவமும் பேரிடர் மீட்புப் படையும் போய், வெடி வைத்து ஒரு வாய்க்கால் வெட்டப் பார்த்தார்கள். கீழே இருந்த ஊர்களுக்கு எச்சரிக்கை போனது, நிம்மூவுக்குக் கீழே சிந்துவில் இருக்கும் நிம்மூ–பாஸ்கோ நீர்மின் நிலையமும் கவலைப்பட்டது. நம் ஊரில் இப்படி ஓர் அடைப்பு விழுந்தால் எல்லோரும் வானத்தில் மேகத்தைத் தேடுவார்கள். அங்கே எல்லோரும் வசந்தத்தின் வெயிலுக்குப் பயந்தார்கள். பனி உருகத் தொடங்கி, ஏரி நிரம்பி, 2015 மே 7 அன்று அடைப்பு உடைந்தது. நீர் பாய்ந்த வழியெல்லாம் பாலங்கள் போயின, வயல்கள் போயின. முன்னெச்சரிக்கை இருந்ததால் உயிர்கள் தப்பின. வாணியம்பாடிக்கு 1903இல் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. மழை வெள்ளம் மணிக்கணக்கில் வரும், இது நாலு மாதம் சொல்லிவிட்டு வந்தது.

இப்போது அந்தப் பள்ளத்தாக்கில் சாலையும் வந்துவிட்டது. நிம்மூ–பதும்–தார்ச்சா சாலையை எல்லைச் சாலைகள் அமைப்பு 2024 மார்ச்சில் இணைத்து முடித்தது. 298 கிலோமீட்டர். ராஃப்ட் பயணத்தின் தனிமை குறையும் என்று வருந்துகிறவர்கள் உண்டு. பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்கு உறைந்த ஆற்றின்மேல் நடந்து போன ஊர்க்காரர்களின் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த வருத்தம் எனக்குக் கொஞ்சம் சொகுசாகவே படுகிறது.

பனியாற்று நீரில் இன்னொரு கணக்கு மிச்சம் இருக்கிறது. பனியாறு சுருங்கும்போது ஆறு உடனே வற்றாது. முதலில் பெருகும், ஏனெனில் சேமித்த பனியும் சேர்ந்து கரைகிறது. ஓர் உச்சத்துக்குப் பிறகு, கரைய மிச்சம் குறைந்ததும், ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். பெரிய பனியாறு உள்ள கிளைகளுக்கு அந்த உச்சம் தள்ளி வரும், சின்னவற்றுக்குச் சீக்கிரம். டிராங் டுருங் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது, அதன் வாயில் ஓர் ஏரி வளர்கிறது. இன்று படகில் போகிறவர் பார்க்கும் பெருக்கில் ஒரு பகுதி இந்தச் சேமிப்பைக் கரைத்துச் செலவழிப்பது.

தண்ணீர் தீர்ந்துபோன ஊரும் சன்ஸ்காரிலேயே இருக்கிறது. பதும் பக்கத்தில் குமிக் என்ற பழைய கிராமம். அதன் மேலே பனியாறு இல்லை, மலையில் குளிர்காலப் பனி மட்டும். அந்தப் பனி குறைந்து, சீக்கிரமே உருகி ஓடிவிட, வாற்கோதுமைக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் ஓடை காய்ந்துபோனது. ஊரார் கூடிப் பேசி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊரையே மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். லுங்நாக் ஆற்றிலிருந்து கீழ்ச் சமவெளிக்கு ஆளுக்கொரு பங்காக வாய்க்கால் வெட்டி, மர்தாங் என்ற இடத்தில் புது வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். லுங்நாக்கின் தலையில் இன்னும் பனியாறுகள் இருக்கின்றன.